பக்கத்து நாற்காலி

1905-ம் வருஷம் பாஸ்டன் நகரத்தில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் இரண்டே வழிகள்தான். கையில் காசு இருந்தால் மலைப்பக்கம் ஏதாவது சானடோரியத்துக்குப் போகலாம். இல்லையா? வீட்டிலேயே படுத்து இருமிக்கொண்டிருக்கலாம். மருந்து கிடையாது. ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 23 வருஷம் ஆகியிருந்தது. அதைக் கொல்கிற ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு இன்னும் சுமார் 40 வருஷம் பாக்கி. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு. வைத்தியம் என்றால் இந்த மூன்றுதான்.

மூன்றுமே ஏழைக்கு எட்டாதவை.

ஜோசப் பிராட் என்று ஒரு டாக்டர். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்தவர். குடிசைப்பகுதி நோயாளிகளுக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார். ஜன்னலைத் திறந்து வை, மொட்டை மாடியில் படு, பால் குடி, எச்சில் துப்பாதே. ஒவ்வொருவரிடமும் இதே பாட்டைத் தனித்தனியாகப் பாடிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். மொத்தமாக உட்காரவைத்துச் சொல்லிவிட்டால் நேரம் மிச்சம். ஒரு சர்ச் பணம் கொடுத்தது. 1905 ஜூலையில் வகுப்பு தொடங்கியது. ஆமாம், வகுப்பு. அப்படித்தான் அவர் அதை அழைத்தார். இருபது பேர் சுமார். வாரம் ஒருநாள் வருவார்கள். எடை பார்ப்பார்கள். என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நேரம் படுத்திருந்தோம், காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எழுதிவைத்த நோட்டைக் காட்டுவார்கள்.

நடந்தது வேறு. டாக்டரின் பிரசங்கத்தைவிட, பக்கத்து நாற்காலிக்காரருக்கு இந்த வாரம் இரண்டு பவுண்டு எடை ஏறியிருக்கிறது என்கிற செய்திதான் புதிதாக வந்தவரை நிமிர்ந்து உட்காரவைத்தது. 'இவன் பிழைத்துக்கொண்டான் என்றால் நானும் பிழைப்பேன்.' ஒருத்தர் ஐரிஷ்காரர், ஒருத்தர் யூதர், ஒருத்தர் இத்தாலிக்காரர் என்று இருந்தாலும் இருமல் ஒன்றுதானே? அது அவர்களைச் சொந்தக்காரர்களாக்கிவிட்டது. பிராட் இதைக் கவனித்தார். பின்னாளில், 1930-ல், உடம்பில் ஒரு கோளாறும் இல்லாமல் மனசு சரியில்லாமல் வருகிறவர்களுக்காகவே இன்னொரு வகுப்பு ஆரம்பித்தார். இன்றைக்கு உலகமெங்கும் 'குரூப் தெரபி' என்று சொல்கிறார்களே, அதன் வம்சாவளியைத் தோண்டினால் பெரும்பாலான புத்தகங்கள் இந்த இருமல் வகுப்பில்தான் வந்து நிற்கின்றன.

காசநோய்க்கும் காலேஜ் ஹாஸ்டலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நாம் போகவேண்டிய இடம் ஹாஸ்டல்தான். ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரிகிற அந்த மூலை அறை. ஆனால் அங்கே போவதற்கு முன்னால் இந்தச் சரித்திரத்தில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பி.காம். படித்தவனுக்கு அது சட்டென்று கண்ணில் படும். பற்றாக்குறை!

ஒவ்வொரு முறையும் இதே கதைதான். டாக்டர் போதவில்லை, பணம் போதவில்லை, நேரம் போதவில்லை. சரி, எல்லாரையும் ஒரே அறையில் போடு. போட்ட பிறகு பார்த்தால், எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்கிறது.

1935-ல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்கிற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்கிற சர்ஜனும் சந்தித்தார்கள். இரண்டு பேருமே குடியில் மூழ்கியவர்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். அதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இரண்டாம் உலகப்போர் சமயம், இங்கிலாந்தின் ராணுவ மருத்துவமனைகளில் மனம் உடைந்த சிப்பாய்கள் ஏராளம், மனநல டாக்டர்கள் கைவிரலில் எண்ணுகிற அளவு. பர்மிங்ஹாம் பக்கம் நார்த்ஃபீல்டில் வில்ஃப்ரெட் பியான் போன்றவர்கள் சிப்பாய்களைக் குழுக்களாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். அங்கேயும் பற்றாக்குறைதான் வழி காட்டியது.

மாணவர்கள் எப்போது வந்தார்கள்?

1910-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் ஸ்டூவர்ட் பேட்டன் என்கிற மனநல மருத்துவரைக் கொண்டு மாணவர்களுக்கென்று ஓர் ஆலோசனை ஏற்பாடு செய்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் இதுதான் முதல் என்பார்கள். காரணம் எளிமையானது. நன்றாகப் படிக்கிற பையன்களில் சிலர் நடுவிலேயே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். மார்க்கில் குறையில்லை, ஃபீஸ் கட்டுவதிலும் கஷ்டமில்லை. அப்புறம் ஏன்? உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

அது ஒருவர் ஒருவராகப் பார்க்கிற வைத்தியம். போர் முடிந்ததும் நிலைமை மாறிவிட்டது. போரில் இருந்து திரும்பியவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் படிப்புச் செலவைக் கொடுத்தது. சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிகளுக்குள் நுழைந்தார்கள். நேற்றுவரை துப்பாக்கி பிடித்தவன் இன்றைக்குப் பதினெட்டு வயசுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து அக்கவுன்டன்சி படிக்கிறான். ராத்திரி தூக்கம் வராது. எத்தனை பேரைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவது? சிகாகோ பல்கலைக்கழகத்தில் கார்ல் ராஜர்ஸ், இந்த வீரர்களுக்கு உதவப்போகிற ஆலோசகர்களையே குழுவாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார். மனம்விட்டுப் பேசு என்று சொல்லப்போகிறவன் முதலில் தான் பேசிப் பார்க்கட்டுமே என்றுதான்.

அதே 1946-ல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில், ஓர் ஆசிரியர் கல்லூரியில், ஒரு சின்னச் சம்பவம். குர்ட் லெவின் என்கிற உளவியலாளர் அங்கே பயிலரங்கம் நடத்தினார். பகலில் குழு விவாதம். சாயங்காலம் ஆராய்ச்சியாளர்கள் மட்டும் கூடி, இன்றைக்கு யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பேசுவார்கள். ஒருநாள் பங்கேற்பாளர்களில் சிலர், நாங்களும் உட்காரலாமா என்று கேட்டார்கள். லெவின் சரி என்றார். தன்னைப்பற்றிச் சொல்லப்பட்டதைக் கேட்ட ஒரு பெண்மணி, நடந்தது அப்படியல்ல என்று மறுத்தார். விவாதம் சூடு பிடித்தது. மறுநாள் இன்னும் நிறையப் பேர் வந்தார்கள். பகல் வகுப்பைவிட இந்த ராத்திரிக் கச்சேரியில்தான் ஜனங்கள் அதிகம் கற்றுக்கொண்டார்கள்! லெவின் அடுத்த வருஷமே இறந்துபோனார். ஆனால் விதை விழுந்துவிட்டது. பேசுவதற்குப் பாடத்திட்டம் எதுவும் வேண்டாம், நமக்குள் இப்போது நடப்பதைப் பேசினாலே போதும் என்று ஒரு புது வகைக் குழு உருவானது.

அது வளர்ந்தது. 1960களில் வளர்ந்த விதம் இருக்கிறதே, அது கொஞ்சம் பயங்கரம்.

கலிஃபோர்னியா. நீண்ட தலைமுடி, வியட்நாம் எதிர்ப்பு, பாட்டு, இத்யாதி. 'என்கவுன்ட்டர் குரூப்' என்பது ஃபேஷனாகிவிட்டது. நம் ஊர் போலீஸ் என்கவுன்ட்டர் இல்லை. மனிதனும் மனிதனும் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சந்திப்பது. வட்டமாக உட்கார வேண்டியது. மனசில் இருப்பதைக் கொட்ட வேண்டியது. அழலாம், கத்தலாம், கட்டிப்பிடிக்கலாம். எதிரே இருப்பவனைப் பார்த்து, நீ ஒரு போலி என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம். கல்லூரி மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள்.

இதனால் நன்மையா, தீமையா? எல்லாரும் அபிப்பிராயம் சொன்னார்கள். கணக்கு எடுத்துப் பார்த்தவர்கள் மூன்று பேர். மார்ட்டன் லீபர்மன், இர்வின் யாலோம், மேத்யூ மைல்ஸ். இடம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். சுமார் 210 மாணவர்கள். 18 குழுக்கள். குழுவுக்கு 30 மணி நேரம். அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்த வெவ்வேறு பாணிகளில் தேர்ந்த ஆசாமிகளைத் தலைவர்களாகப் போட்டார்கள். சில குழுக்களுக்குத் தலைவரே கிடையாது. ஒரு டேப் ரிக்கார்டர்தான். அதில் ஒரு குரல், இப்போது இதைச் செய்யுங்கள் என்று சொல்லும்.

லாப நஷ்டக் கணக்கைப் பார்ப்போமா? ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாணவர்களுக்கு நிஜமாகவே பலன் கிடைத்திருந்தது. வரவு.

பற்றுப் பக்கத்தில் 16 பேர். குழுவுக்குப் போனதாலேயே நிலைமை மோசமாகி, மாதங்கள் கழித்தும் சரியாகாமல் இருந்தவர்கள்.

சேதாரம் எங்கே அதிகம் என்று பார்த்தார்கள். இந்த வைத்தியத்தின் பெயர், அந்த வைத்தியத்தின் பெயர் என்பதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தலைவர் எப்படிப்பட்டவர் என்பதுதான் விஷயம். கவர்ச்சியானவர், ஆவேசமானவர், பேசு பேசு என்று நெருக்குகிறவர், சுவரை உடைத்தே தீருவேன் என்று நிற்கிறவர். அப்படிப்பட்டவர்களின் குழுக்களில்தான் அடிபட்டவர்கள் அதிகம். டேப் ரிக்கார்டர் குழுக்கள்? ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. மனிதத் தலைவர்கள் பலரைவிட அந்தப் பெட்டி தேவலாம் என்கிற அளவில் இருந்தது!

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. யார் யார் அடிபட்டார்கள் என்று கண்டுபிடிக்க முதலில் தலைவர்களைக் கேட்டார்கள். அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. கூட உட்கார்ந்திருந்த மாணவர்களைக் கேட்டார்கள். அவர்கள் சொன்னார்கள். வட்டத்தின் நடுவில் நின்று வித்தை காட்டுகிறவருக்குத் தெரியாதது, பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது.

யாலோம் இன்னொரு காரியமும் செய்திருக்கிறார். பல வருஷங்களாகக் குழுக்களில் இருந்தவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கொடுப்பார். பெயர் எழுத வேண்டாம். இந்தக் கூட்டத்தில் எதைச் சொல்லவே மாட்டீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். என்ன வந்தது தெரியுமா? கொலை, கொள்ளை இல்லை. அதிகம் பேர் எழுதிய பரம ரகசியம் ஒன்றேதான். 'நான் உண்மையில் லாயக்கில்லாதவன். எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்' என்கிற ரகம். அடுத்த இடம், யாரோடும் ஒட்டமுடியவில்லை என்பதற்கு.

ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். அறுபது பேர். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்து அதே ரகசியத்தைப் பொத்தி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உலகத்திலேயே மிக அதிகமாக டூப்ளிகேட் போடப்பட்ட ரகசியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒருத்தர் வாயைத் திறந்தால் மற்ற ஐம்பத்தொன்பது பேரும் மூச்சு விடுவார்கள். ஆனால் முதலில் யார் திறப்பது? யாரிடம்?

இப்போது லண்டனுக்குப் போவோம். முகமூடியைப் பிய்த்து எறிகிற கலிஃபோர்னியா வழிக்கு நேர் எதிரான ஒரு வழி அங்கே ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதுவும் தற்செயல்தான்.

சாட் வாரா ஒரு பாதிரியார். 1935-ல் அவர் நடத்திவைத்த முதல் சவ அடக்கம் ஒரு பதின்வயதுச் சிறுமியுடையது. முதல் மாதவிலக்கு வந்ததும் ஏதோ அசிங்கமான வியாதி என்று நினைத்து உயிரை விட்டுவிட்டாள். கேட்க ஒரு ஆள் இல்லை. இது அவர் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. தீப்பிடித்தால் கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறது. சாகவேண்டும்போல இருந்தால்?

1953 நவம்பர் 2. லண்டன் நகருக்குள் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் என்கிற சர்ச். ஒரு டெலிபோன். மேன்ஷன் ஹவுஸ் 9000. முதல் அழைப்பு வந்தது. அப்போது இங்கிலாந்தில் தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். 1961-ல்தான் அந்தச் சட்டம் போனது.

பேப்பர்களில் செய்தி வந்ததும் கூட்டம் குவிந்துவிட்டது. வாரா ஒருவர்தான் ஆலோசகர். உதவிக்கு வந்த தன்னார்வலர்கள் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. காத்திருக்கிறவர்களுக்கு டீயோ காப்பியோ கொடுத்து, பேச்சுத்துணைக்கு இருக்க வேண்டியது. அதுதான் அவர்கள் வேலை.

கொஞ்ச நாளில் வாரா ஒன்றைக் கவனித்தார். காத்திருந்தவர்களில் பலர் அவரைப் பார்க்காமலேயே எழுந்து போய்விடுகிறார்கள். கோபித்துக்கொண்டு இல்லை. தேவையில்லை என்று! டீ கொடுத்தவரிடமே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாகிவிட்டது. அவர் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை, ஐயோ என்று பதறவில்லை. கேட்டார். அவ்வளவுதான். நிபுணரின் அறைக்கு வெளியே, பெஞ்சில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

வாராவுக்குப் பெரிய மனசு. 1954 பிப்ரவரியில், கேட்கிற வேலையை முழுசாகத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

16 வருஷம் கழித்து இது மாணவர்களிடம் வந்து சேர்ந்தது. 1970-ம் வருஷம், மே மாதம். எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகம். ஆரம்பித்து ஆறே வருஷமான புது நிறுவனம். புதுக் கட்டடங்கள், வீட்டைவிட்டு வந்த பிள்ளைகள். அங்கே இருந்த ஜெஃப்ரி ஹாஸ்கிங் என்கிற வரலாற்று ஆசிரியரும் மால்கம் ஃபிரான்ஸ் என்கிற பாதிரியாரும் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். பல்கலைக்கழக ஆலோசகர் பகலில் இருக்கிறார். பிரச்னை ராத்திரியில் வருகிறது! சாயங்காலம் ஐந்து மணியோடு அலுவலகம் பூட்டப்படுகிறது. தனிமைக்கு ஆபீஸ் நேரம் கிடையாதே?

'நைட்லைன்' தொடங்கியது. ராத்திரி முழுக்க டெலிபோன் பக்கத்தில் மாணவர்கள். கூப்பிடுகிறவர்களும் மாணவர்கள். பெயர் சொல்ல வேண்டாம். சொன்னது வெளியே போகாது. விதிகளைப் படித்தால் ஸ்டான்ஃபோர்டின் அந்த 16 பேர் ஞாபகம் வருவார்கள். தீர்ப்புச் சொல்லாதே. புத்தி சொல்லாதே. உன் மதம், உன் அரசியல், உன் அனுபவம் எதையும் திணிக்காதே. கூப்பிட்டவர் எவ்வளவு சொல்ல விரும்புகிறாரோ அவ்வளவு சொல்லட்டும். அடுத்தடுத்து மற்ற பல்கலைக்கழகங்களிலும் நைட்லைன்கள் முளைத்தன. இந்த இருபது வயசுப் பிள்ளைகளுக்கு முறையான பயிற்சி உண்டு. பேசுவதற்கு இல்லை. பேசாமல் இருப்பதற்கு. உங்கள் பிள்ளையிடம் அரை மணி நேரம் அறிவுரை சொல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். எவ்வளவு பெரிய பயிற்சி அது என்று தெரியும்.

அந்த டெலிபோனின் ஒயர் நம் ஊர் வரை நீண்டிருக்கிறது. 1974-ல் வாரா உலக நாடுகளுக்காக பிஃப்ரெண்டர்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கினார். 1986-ல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அதே வழியில் 'சிநேகா'வைத் தொடங்கினார். இங்கேயும் அப்போது தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றம்தான். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக்கூடாது என்றது.

காது கொடுத்துக் கேட்பதால் தனிமனிதருக்கு மட்டும்தான் ஆறுதலா? பள்ளிப் பரீட்சை ரிசல்ட் வரும் நாள்களில் என்ன நடக்கிறது என்று சிநேகாவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பேப்பரில் போனால் ஒரு வருஷமே போச்சு என்பதுதான் அந்தப் பிள்ளைகளின் கழுத்தை நெரித்தது. உடனே மறுபரீட்சை வையுங்கள் என்று லட்சுமி விஜயகுமார் தொடர்ந்து வலியுறுத்தினார். தமிழக அரசு உடனடித் தேர்வைக் கொண்டுவந்தது. வருஷம் வீணாகாமல் அடுத்த படிப்புக்குப் போகலாம் என்றாயிற்று. கதவு ஒன்று கூடுதலாகத் திறந்தது. எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று சொன்னவர்கள், அந்தப் பக்கம் நின்று தட்டியவர்கள்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நண்பன் டாக்டர் இல்லை. 2000-ம் வருஷம் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் பிரையன் மால்மன் தன் வாழ்வை முடித்துக்கொண்டார். பாட்டுக்குழுத் தலைவர், மாணவர் பத்திரிகையில் விளையாட்டுப் பகுதி ஆசிரியர். கெட்டிக்காரப் பையன். மூன்று வருஷமாக அவருக்கு இருந்தது கடுமையான மனநோய். மருந்து தேவைப்பட்ட நோய். யாரிடமும் மூச்சு விடவில்லை. தங்கை அலிசன் அப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவி. மாணவர்கள் மாணவர்களிடம் இதைப்பற்றி வெளிப்படையாகப் பேசுவதற்கென்றே அடுத்த வருஷம் ஒரு குழுவைத் தொடங்கினார். 'ஆக்டிவ் மைண்ட்ஸ்' என்கிற பெயரில் பின்னாளில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குப் பரவியது. அந்தக் குழு வைத்தியம் பார்ப்பதில்லை. உனக்கு வைத்தியம் தேவை, வா, நானும் கூட வருகிறேன் என்று சொல்கிற தைரியத்தைத்தான் கொடுக்கிறது. பல சமயங்களில் வைத்தியத்துக்கும் நோயாளிக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

நூறு வருஷத்துக்கு மேலான இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். பாஸ்டனில் பக்கத்து நாற்காலிக்காரரின் எடை. ஸ்டான்ஃபோர்டில் தலைவர் கண்ணுக்குத் தெரியாத காயம். லண்டனில் டீ கொடுத்தவர். எஸ்ஸெக்ஸில் ராத்திரி முழித்திருந்த பிள்ளைகள். நிபுணர்கள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். ஆனால் நிபுணரின் வாசல்வரை ஒருவரைக் கொண்டுவந்து சேர்க்கிற ஆள், எப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நீங்கள் கல்லூரியில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். மெஸ்ஸில் எதிரே இருப்பவன் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறானா? என்னடா ஆச்சு என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்பான். எழுந்து போய்விடாதீர்கள். பிடித்து உலுக்கவும் வேண்டாம். சும்மா கூட இருங்கள். அவன் சொல்ல ஆரம்பித்தால், என் மாமா பையன்கூட இப்படித்தான் என்று உங்கள் கதையை எடுத்துவிடாதீர்கள். உயிரை விடுகிற பேச்சு வந்தால் மட்டும் ரகசியம் என்று பொத்தி வைக்காதீர்கள். அன்றைக்கே ஒரு பெரியவரிடமோ டாக்டரிடமோ கூட்டிப்போங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி-மானஸ் என்கிற இலவசச் சேவைக்கு எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

நீங்கள் பெற்றோரா? விஷயம் இன்னும் சுலபம். இன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் இருந்து போன் வந்தால், மார்க் என்ன ஆச்சு என்பதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.